ஒருசந்தியில் கரைந்த கொழுப்பு

இதை வாசிக்கும் என் விசுவாச உறவுகளே, என் இடது காலை வெட்டி எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொன்ன அன்றைக்கு நான் செபிக்கவில்லை. ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். நல்லதை மட்டும் எழுதி அதை மறைத்தால் இந்தச் சாட்சி பாதிப் பொய்யாகிவிடும். ஆகவே சண்டையில் இருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. முல்லைத்தீவுக் கரையில் இருக்கிறோம். கணவர் யேசுதாசன் கடலுக்குப் போகிறவர். நான் மீன் எடுத்துக் கருவாடு போட்டு, பஸ்ஸில் கொண்டுபோய்ச் சந்தையில் விற்கிறவள். வாய்க்காரி என்று கரை முழுக்கப் பெயர் எடுத்திருந்தேன். உடம்பும் அப்போது நல்ல மொத்தம். "அவளுக்குக் கொழுப்பு" என்று யாராவது சொன்னால், உடம்பைச் சொல்கிறார்களா குணத்தைச் சொல்கிறார்களா என்று நான் கேட்பதில்லை. இரண்டும் உண்மைதான்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு ஒரு கிழமை இருக்கும்போது அது நடந்தது. சந்தை வாசலில் பின்பக்கமாக வந்த லொறி ஒன்று என்னை மதிலோடு சேர்த்து நெரித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தகடு வைத்துப் பூட்டினார்கள். இரண்டாம் மாதம் சீழ் கட்டியது. தகட்டைக் கழற்றி, பழுதான எலும்புத் துண்டையும் வெட்டி எடுத்தார்கள். பிறகு காலுக்கு வெளியே கம்பிக் கூடு ஒன்றைப் பூட்டி, இடுப்பு எலும்பில் கொஞ்சம் சுரண்டி எடுத்து அந்த இடைவெளியில் வைத்தார்கள். அதுவும் ஒட்டிப் பிடிக்கவில்லை. அடுத்த நத்தாரும் வந்து போனது. எக்ஸ்ரேயில் பார்த்தால் என் எலும்பின் இரண்டு நுனிகளும் இரண்டு விரல் தூரத்தில் அப்படியே நின்றன.

"இனி ஒருக்காச் சீழ் கட்டினா, காலை எடுக்கிறதைப் பற்றியும் யோசிக்கவேணும் அம்மா" என்று டொக்டர் சொன்னது அந்தத் தை மாதத்தில்தான்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து, சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்துக் கத்தினேன். "யுத்தத்தில அவ்வளவு செல்லடிக்குள்ளால ரெண்டு காலோட கொண்டு வந்தனீர். ஒரு லொறிக்குக் குடுக்கத்தானோ கொண்டு வந்தனீர்?"

என் அக்கா பிலோமினா எங்களோடுதான் இருக்கிறாள். கடைசி யுத்தத்தில் அவளுக்கு வலது கால் போனது. அவளை மண்ணில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தவள் நான். இன்றைக்குப் பொய்க்காலோடு நடந்து, வீட்டில் இருந்து கிழிந்த வலை பொத்தி, தன் சீவியத்தைத் தானே பார்க்கிறாள். அன்றைக்கு நான் கத்துவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"கால் போனாலும் சீவியம் போகாதடி. நான் இருக்கேல்லையோ?"

"உன்னைப் போல இருக்கிறதைவிடச் சாகலாம்" என்றேன்.

வாயில் இருந்து வந்துவிட்டது. திரும்பப் பிடிக்க முடியாது. அக்கா திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். நான் மன்னிப்பும் கேட்கவில்லை. என் கோபத்துக்கு முன்னால் அவளுடைய மனம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அடுத்த கிளினிக்குக்கு மூன்று பேரும் போனோம். கிளிநொச்சிக்குப் போய் ஏ9 வீதியில் ஏறினால் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்வரை என் கால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கத்தும். டொக்டர் யாழ்ப்பாணத்து ஆள், சைவ சமயம், பொறுமையாகக் கதைக்கிறவர். படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னும் ஒரு வழி இருக்கு. ஆனா இது ஆராய்ச்சியில இருக்கிற முறை. கட்டாயம் பலன் தரும் எண்டு நான் சொல்லமாட்டன். உங்கட வயித்தில இருந்து கொழுப்பை எடுத்து, அதுக்குள்ள இருக்கிற ஸ்டெம் செல்லைப் பிரிச்சு, எலும்பு இல்லாத இடத்தில வைக்கப்போறம்."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "செல்லோ? காலுக்குள்ளையோ டொக்டர்?"

வன்னியில் எங்கள் வயதுக்காரருக்குச் செல் என்றால் ஒன்றுதான் தெரியும். அது வானத்தால் வந்து விழுந்து வெடிப்பது. டொக்டர் அக்காவின் காலைப் பார்த்தார். உடனே குரலைத் தணித்தார்.

"அந்தச் செல் இல்லை அம்மா. இது உயிருள்ள சின்னத் துணிக்கை. எங்கட உடம்பு முழுக்க இதுகளாலதான் ஆனது. கொழுப்புக்குள்ள கொஞ்சம், தான் என்னவா வரப்போறன் எண்டு இன்னும் முடிவெடுக்காத மாதிரிக் கிடக்கு. எலும்பு மாதிரியே செய்த குறுணியோட கலந்து வைச்சா, அதுகள் எலும்பா மாறும், இல்லாட்டிப் பக்கத்தில இருக்கிறதுகளை உசுப்பி எலும்பு கட்டவைக்கும். அப்பிடித்தான் எதிர்பார்க்கிறம்."

என் கணவர் அப்போதுதான் வாய் திறந்தார். "கொழுப்பெண்டா அவவிட்டை நிறையக் கிடக்கு டொக்டர். எங்கட கரையில ஆரையும் கேட்டுப் பாருங்கோ."

டொக்டர் சிரித்துவிட்டார். நான் என் கணவரை முறைத்தேன். உயிர்ப்பு ஞாயிறு முடிந்து அடுத்த கிழமை ஒப்பரேஷன் என்று எழுதினார்கள். "அதுவரைக்கும் நல்லாச் சாப்பிடுங்கோ" என்று டொக்டர் சொன்னார். கூட்டின் கம்பி காலுக்குள் போகும் இடத்தைத் தொட்டுக் காட்டி, "இதில சிவந்தா உடனே வரவேணும்" என்றார்.

இனித்தான் என் பிழை. அடுத்த கிழமை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். இவ்வளவு பெரிய காரியத்தை ஆண்டவரிடம் வெறுங்கையோடு கேட்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவரோடு சண்டை பிடித்ததற்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். நாற்பது நாளும் ஒருசந்தி பிடிப்பதாக நேர்ந்துகொண்டேன். எங்கள் ஆட்கள் ஒரு நேரம் வயிறாரச் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பார்கள். நான் அதற்கும் மேலே போனேன். பகலில் ஒரு கோப்பைக் கஞ்சி மட்டும். மீன் இல்லை, முட்டை இல்லை, தேங்காய்ப்பால் கூட இல்லை. டொக்டர் சாப்பிடச் சொன்னது நினைவில் இருந்தது. எல்லா டொக்டரும் எல்லாருக்கும் சொல்கிற கதைதானே என்று விட்டுவிட்டேன்.

"ஜெசி, டொக்டர் சாப்பிடச் சொன்னவரெல்லோ" என்று இவர் இரண்டு மூன்று தரம் சொன்னார்.

"டொக்டருக்கு மேல ஒருத்தர் இருக்கிறார். நீங்கள் உங்கட வலையைப் பாருங்கோ."

அக்கா கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் அவித்த முட்டை ஒன்றைப் பேசாமல் வைப்பாள். நான் அதைத் தள்ளி வைப்பேன். மூன்றாம் கிழமை சட்டை தோளால் வழுகியது. ஐந்தாம் கிழமை கண்ணாடியில் கன்ன எலும்பு தெரிந்தது. எனக்குச் சந்தோசம். ஆண்டவர் என் காணிக்கையை ஏற்றுக்கொள்கிறார் என்று நினைத்தேன். கோயிலில் பெண்கள் "ஜெசிந்தா எப்பிடி ஒருசந்தி பிடிக்கிறாள் பார்" என்று கதைத்தது காதில் விழுந்தது. அதுவும் இனித்தது.

பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை, ஒப்பரேஷனுக்கு முந்திய சோதனைக்குப் போனோம். டொக்டர் என் வயிற்றில் இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். பிறகு விலாப்பக்கம் பார்த்தார். திரும்ப வயிற்றில் பார்த்தார். அவருடைய முகம் மாறியதைக் கண்டேன்.

"அம்மா, சுகமில்லாமல் கிடந்தனீங்களோ?"

"இல்லை டொக்டர். ஒருசந்தி பிடிச்சனான்."

"எந்தச் சந்தி?"

இவர்தான் எடுத்துச் சொன்னார். இது எங்கள் வேதத்தில் சொல்கிற சொல், நாற்பது நாளாக ஒரு நேரக் கஞ்சிதான் குடிக்கிறா, இந்தக் காலுக்காகத்தான் நேர்ந்தவா என்று. டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். அவர் ஏசியிருந்தால் நானும் திருப்பிக் கதைத்திருப்பேன். அவர் ஏசவில்லை.

"நான் எடுக்கவெண்டு நினைச்சதை நீங்கள் கரைச்சிட்டீங்கள் அம்மா. இரத்தமும் குறைஞ்சு போச்சு. இப்ப எடுக்கவும் ஏலாது, எடுத்தாலும் புண் ஆறாது. நாலு கிழமை தாறன். சாப்பிட்டுக்கொண்டு வாங்கோ." பிறகு கம்பி போகும் இடத்தைக் குனிந்து பார்த்தார். "இந்தச் சிவப்பு எனக்குப் பிடிக்கேல்லை. இது கூடினா நாலு கிழமை எங்களுக்குக் கிடையாது."

திரும்பி வரும் வழி முழுக்க நான் நாளை எண்ணிக்கொண்டு வந்தேன். நேர்த்தி முடிய மூன்று நாள்தான் இருந்தது. முறித்தால் ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை முறித்தவளாவேன். முறிக்காவிட்டால் கால் போகும். இப்படிப் பார்த்தாலும் அப்படிப் பார்த்தாலும் பயம்தான். என் கால் போகப்போவது லொறியால் இல்லை, என்னால்தான் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

பெரிய வியாழன் காலை இவர் போய்ப் எங்கள் கோயில் குருவான பங்குச் சுவாமியைக் கூட்டிவந்தார். சுவாமி எல்லாவற்றையும் கேட்டார்.

"ஆரைக் கேட்டு இதை நேர்ந்தனீர்?"

"ஆண்டவருக்குத்தான் நேர்ந்தனான், சுவாமி."

"அவர் கேட்டவரோ?"

நான் காலில் இருந்த கம்பிக் கூட்டைத் தடவினேன்.

"நோய் வருத்தக்காரருக்கு ஒருசந்தி கடமையில்லை எண்டு திருச்சபையே சொல்லுது. இது உமக்குத் தெரியாததோ? தெரியும். ஆனா உமக்கு அவரோட பேரம் பேசவேணும். இவ்வளவு தாறன், இவ்வளவு தாரும் எண்டு." சுவாமி என் ஒடுங்கிய கன்னத்தைக் கையால் காட்டினார். "உடம்பில இருந்த கொழுப்புக் கரைஞ்சிட்டுது பிள்ளை. மனசில இருந்தது கூடிப்போச்சு."

வேறு யாரும் சொல்லியிருந்தால் வீட்டை விட்டுத் துரத்தியிருப்பேன். ஆனாலும் அது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாளையில இருந்து மூண்டு நேரமும் சாப்பிடும்" என்றார் சுவாமி.

"நாளைக்குப் பெரிய வெள்ளி, சுவாமி."

"தெரியும்."

பெரிய வெள்ளி அன்று எங்கள் கரையில் அடுப்பு எரியாது. வள்ளம் எல்லாம் மணலில் கிடக்கும். பிள்ளைகள் கூடச் சத்தமாக விளையாட மாட்டார்கள். கோயில் ஒலிபெருக்கியில் ஆண்டவருடைய பாடுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் குசினியில் மட்டும் புகை எழும்பியது. அக்கா சோறு, தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, இரண்டு முட்டை எல்லாம் ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் அன்றைக்குத் தண்ணீர் மட்டும் குடித்து ஒருசந்தி.

கையில் எடுத்த சோற்றைத் திரும்பக் கோப்பையில் போட்டேன். அக்கா கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் இருந்தாள். கோப்பையை வாங்கிக் குழைத்தாள்.

"வாயைத் திற."

திறந்தேன். ஒரு வாய், இரண்டு வாய் தீத்தினாள். கண்ணீர் சோற்றோடு சேர்ந்து உப்புக் கரித்தது.

"அக்கா, உனக்கு என்னில கோபம் இல்லையோ?"

"இருக்கு. முதல்ல சாப்பிடு."

அந்தக் கோப்பையை முழுக்க முடித்தேன். வெளியே ஒலிபெருக்கியில் ஆண்டவர் சிலுவையில் தாகமாயிருக்கிறேன் என்று சொல்லும் இடம் போய்க்கொண்டிருந்தது. நாற்பது நாளில் நான் செய்த ஒரே உண்மையான செபத்தை அப்போதுதான் செய்தேன். "ஆண்டவரே, உமக்குத் தர என்னட்ட ஒண்டும் இல்லை. கேக்கவும் முகம் இல்லை. ஆனாலும் கேக்கிறன், இந்தக் காலை எனக்கு விடும்." அவ்வளவுதான். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை.

அதன்பிறகு சாப்பிடுவதே என் வேலையாகிவிட்டது. பசிக்காவிட்டாலும் சாப்பிட்டேன். இவர் கொண்டுவந்த நல்ல மீன் எல்லாம் சந்தைக்குப் போகாமல் எங்கள் சட்டிக்குள் போனது. "இப்ப பார், வள்ளம் உனக்காகத்தான் ஓடுது" என்று பகிடி பண்ணுவார். இரண்டாம் கிழமை ஒரு பின்னேரம் உடம்பு குளிர்ந்து நடுங்கியது. காலைப் பார்த்தோம். சிவப்பு ஒரு உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தது.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துவிட்டார்கள். ஊசி மருந்து மூன்று நாள் போடுவோம், குறையாவிட்டால் காலைக் காப்பாற்றப் பார்த்து உயிரை விட முடியாது என்று டொக்டர் நேரே சொன்னார். காலை எடுக்கச் சம்மதம் என்று கையெழுத்து வைக்கிற கடதாசி வந்தது. இவர் அதை வாசித்துவிட்டு, கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். நான் கையெழுத்து வைத்தேன். முதல் நாள் குறையவில்லை. இரண்டாம் நாளும் குறையவில்லை. கட்டிலைச் சுற்றி வந்த ஒவ்வொரு வெள்ளைச் சட்டையும் என் காலை எடுக்க வருகிறது என்றே நினைத்தேன். இந்த முறை ஆண்டவருக்கு ஒன்றும் நேரவில்லை. நேர வாய் வந்தபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, "கேக்கிறன், கேக்கிறன்" என்று மட்டும் சொன்னேன். நேர்ஸ் பிள்ளை கொண்டுவந்த சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் விடியக் காய்ச்சல் விட்டிருந்தது. டொக்டர் வந்து பெருவிரலால் அமத்திப் பார்த்தார். "குறைஞ்சிருக்கு" என்றார். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

புண் சரியாக ஆறும்வரை இன்னும் சில கிழமை பார்த்து, வைகாசி கடைசியில் ஒப்பரேஷனுக்கு எடுத்தார்கள். "வயித்தில மட்டும் எடுத்தாக் காணாது, துடையிலயும் கொஞ்சம் எடுப்பம்" என்றார் டொக்டர். இடுப்புக்குக் கீழே விறைக்க ஊசி போட்டார்கள். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு எடுப்பது தெரிந்தது, நோகவில்லை. போத்தலை ஒருவர் கொண்டுபோகும்போது பார்த்தேன். மஞ்சளாக, கோழி உரிக்கும்போது வருகிற கொழுப்பைப் போலவே இருந்தது. வாழ்நாள் முழுக்க ஏச்சு வாங்கிய சாமான். அதைக் கழுவி, பிரித்து, தேவையானதை எடுக்கும்வரை நான் மேசையில் காத்துக் கிடந்தேன். விரலை மடக்கி மடக்கிச் செபமாலை சொன்னேன். எத்தனை பத்து முடிந்தது என்று தெரியாது. பிறகு காலை வெட்டித் திறந்து, குறுணியோடு கலந்து அந்த இடைவெளியில் வைத்து மூடினார்கள்.

முதல் மாதத்துப் படத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாம் மாதத்திலும் குறுணிதான் தெரிந்தது. "இன்னும் பார்ப்பம்" என்று டொக்டர் சொன்னபோது அவர் குரலிலும் உறுதி இல்லை. திரும்பி வரும்போது ஒவ்வொரு முறையும் மனதைத் தேற்றிக்கொள்வேன், வீட்டு வாசலில் வந்து உடைந்து போவேன். நான்காம் மாதப் படத்தை அவர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு நுனிகளுக்கும் நடுவில் புகை போல வெள்ளையாக ஒன்று படர்ந்திருந்தது.

"இதுதான் புது எலும்பு" என்றார். "எல்லாருக்கும் இப்பிடி வரும் எண்டு நான் சொல்லமாட்டன். உங்களுக்கு வந்திருக்கு."

கார்த்திகையில் கூட்டைக் கழற்றினார்கள். நடைபழகும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். "இப்ப இடது காலை ஊண்டுங்கோ" என்றார் டொக்டர். ஊன்றினேன். முறியவில்லை. ஒரு அடி வைத்தேன். இன்னொரு அடி வைத்தேன். அக்கா அந்தப் பக்கச் சுவரோடு நின்றாள். அவளிடம் போய்ச் சேர ஆறு அடி இருந்தது. ஆறும் வைத்தேன்.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பத்து மாதமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன். "உன்னைப் போல இருக்கிறதைவிடச் சாகலாம் எண்டனான். என்னை மன்னிச்சுக்கொள் அக்கா. எனக்குத் தந்தவர் உனக்கு ஏன் தரேல்லை எண்டு எனக்கு விளங்கேல்லை."

அக்கா என் முதுகைத் தடவினாள். "நானும் கேட்டனான் ஜெசி. மண்ணுக்குள்ள கிடந்து, இந்தக் காலை எனக்கு விடும் எண்டு கத்திக் கேட்டனான். அண்டைக்கு அது போயிட்டுது. ஆனா நீ என்னை விட்டிட்டு ஓடேல்லை. அவர் என்னைத் தனிய விடேல்லை எண்டதுக்கு எனக்கு அது காணும்."

இப்போது நான் திரும்பவும் சந்தைக்குப் போகிறேன். கொஞ்சம் நொண்டுவேன். வாய் இன்னும் முழுக்க அடங்கவில்லை, அதற்கும் செபிக்கிறேன். நேர்த்தி வைக்க வருகிறவர்களைக் கண்டால், முதலில் டொக்டரிடம் சொல்லுங்கள், பிறகு சுவாமியிடம் கேளுங்கள் என்று பிடித்து நிறுத்திச் சொல்கிறேன். என் எலும்பு பொருந்தியது டொக்டருடைய படிப்பாலும் உழைப்பாலும்தான். அந்தப் படிப்பை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவர் ஆண்டவர் என்று நான் முழு மனதோடு விசுவசிக்கிறேன். அவருக்கு நன்றி சொல்லி முடியாது.

ஆனால் உறவுகளே, கேட்டது கிடைத்த பிறகு நம்புவதற்குப் பெரிய மனம் தேவையில்லை. ஆகவே என்னைப் பார்த்து நம்புங்கள் என்று நான் உங்களைக் கேட்கமாட்டேன். என் அக்கா பிலோமினாவைப் பார்த்து நம்புங்கள். கேட்டது கிடைக்காமல் போன அன்றைக்கே ஆண்டவரைப் பிடித்துக்கொண்டவள் அவள், இன்றுவரைக்கும் விடவில்லை.